கதை முடியும்வரை வில்லு ஒலிக்கட்டும்
நாஞ்சில் நாட்டுக் கோவில் கொடைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களில் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் பூதத்தானுக்கும் கொடை நடத்துகிறவர்கள் நீங்கள். உங்களிடம் ஒரே ஒரு காரியத்தைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். கொடையில் பாடும் வில்லுப்பாட்டை இரண்டு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்காதீர்கள். கோவிலுக்குரிய கதை ஒன்றையாவது காப்பு முதல் வாழ்த்து வரை முழுதாகப் பாட விடுங்கள். இன்று பல ஊர்களின் கொடை நோட்டீஸில் ‘மாலை 7 மணி முதல் 9 மணி வரை வில்லிசை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் இன்னிசைக் கச்சேரியோ பட்டிமன்றமோ இருக்கிறது. இன்னிசைக் கச்சேரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் கூடிச் சந்தோஷப்படுவதும் கொடையின் பகுதிதான். ஆனால் வில்லுப்பாட்டை மற்ற நிகழ்ச்சிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி, மணிக்கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கும்போது அதன் உயிரான பகுதியைத்தான் வெட்டி எறிகிறோம் என்பதை விளக்க விரும்புகிறேன். வில்லடி கேட்டுக் கண் கலங்கிய ஆயிரக்கணக்கான ரசிகர்களில் நானும் ஒருவன் என்பது மட்டுமே என் தகுதி. வாதத்துக்கு ஆதாரம் என் கண்ணீர் அல்ல. கதைகளும் அவை பாடப்படும் முறையும்தான்.

முதலில், கேட்பவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று யோசித்துப் பார்ப்போம். கதை தெரியாததால் அல்ல. இசக்கி எப்படிச் செத்தாள், முத்துப்பட்டன் எங்கே விழுந்தான் என்பது கோவில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு, வில்லடித்துக் கதை பாடும் அண்ணாவியைவிட நன்றாகத் தெரியும். குரலினிமையால் மட்டும் என்றும் சொல்ல முடியாது; நள்ளிரவு தாண்டிக் கரகரத்துப்போன குரலில் பாடும்போதுதான் கூட்டம் அதிகமாக உருகுகிறது. இசைக்கருவிகளும் எளியவை: மணிகள் கட்டிய வில், அதன் நாணைத் தட்டும் வீசுகோல், மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. கர்நாடக சங்கீதக் கச்சேரியைப் போல ராகத்தை விரித்துக் காட்டும் வேலை இங்கே இல்லை. வில்லுப்பாட்டின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மனித உயிர் பிறந்து, வளர்ந்து, ஆசைப்பட்டு, வஞ்சிக்கப்பட்டு, அநியாயமாகச் சாகிறது. அந்தச் சாவுக்கு ஊர் பொறுப்பேற்று அதைத் தெய்வமாக நிறுத்துகிறது. இந்த முழு நீளத்தையும் கேட்பவர் கூடவே இருந்து கடக்க வேண்டியிருக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தாலாட்டுப் பாடியபோது சிரித்த அதே பெண்கள்தான் சில மணி நேரம் கழித்து அந்தக் குழந்தையின் பிணத்துக்கு ஒப்பாரி கேட்கிறார்கள். அந்தச் சில மணி நேரம்தான் கலை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதைச்சுருக்கம். கதைச்சுருக்கத்தைக் கேட்டு யாரும் அழுவதில்லை.

இது என் ஊகமல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் பிற்பகுதியில் நம் பகுதியிலேயே தங்கிக் கொடைகளைப் பார்த்து, ஒலிப்பதிவு செய்து, 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். நூலின் பெயரே பிறப்பையும் இறப்பையும் பாடுதல் பற்றியது. கைலாயத்தில் பிறந்து பூமிக்கு வரும் தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் இன்னொரு வகை. இந்த இரண்டையும் பாடுகிற விதமே வேறாக இருப்பதை அவர் கவனித்தார். பிறப்புக் கதைகளில் அண்ணாவி பாட்டை நிறுத்தி நிறுத்தி வசனம் பேசுவார், விளக்கம் சொல்வார், பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு வாங்கிக்கொள்வார். கொலைக் கதையின் உச்சம் நெருங்க நெருங்க வசனம் குறையும், பாட்டு ஏட்டிலுள்ள வரிகளை ஒட்டியே ஓடும், தாளம் இறுகும், உடுக்கை முந்தும். அந்த இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். ஆக, உச்சம் என்பது தனியே செய்து ஒட்டவைத்த பகுதி அல்ல. அதற்கு முன் தளர்வாகச் சொன்ன பல மணி நேரம் இருந்தால்தான் இந்த இறுக்கத்துக்குப் பொருள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கச் சொன்னால் அண்ணாவி என்ன செய்வார்? தளர்வான பகுதியை வெட்டுவார். அல்லது உச்சத்தின் வேகத்திலேயே முழுவதையும் பாடுவார். முதலாவதில் காரணம் போய்விடுகிறது, இரண்டாவதில் காது மரத்துப்போகிறது.

காரணம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முப்பந்தல் இசக்கியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளுக்கு நடுவே இன்று பேருந்துகளும் லாரிகளும் நின்று கும்பிட்டுப் போகும் அந்த அம்மனின் கதை நாஞ்சில் நாட்டில் நீலி கதையோடு சேர்ந்தே பாடப்படுகிறது. தாசிகுலத்துப் பெண் லட்சுமி, தன்னை நாடி வந்து பொருளெல்லாம் இழந்த ஒருவனை நம்பி, தாய் அவனை விரட்டிய பிறகும் நகைகளோடு அவன் பின்னால் போகிறாள். காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறவளைக் கல்லால் அடித்துக் கொன்று நகைகளை எடுத்துக்கொள்கிறான். அதைப் பார்த்தது பக்கத்திலிருந்த கள்ளிச்செடி மட்டும். சாகிறவள் கள்ளியைத்தான் சாட்சி வைக்கிறாள். அடுத்த பிறவியில் அவள் நீலியாக வந்து, வணிகனாகப் பிறந்திருக்கும் அதே கொலைகாரனைத் தொடர்கிறாள்; ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊரார் முன் வழக்காடுகிறாள். ஊரார் அவளை நம்பி இருவரையும் ஒரே வீட்டில் அடைக்கிறார்கள். விடிவதற்குள் பழி தீர்கிறது. இப்போது நேரமில்லை என்று முதல் பகுதியை இரண்டு வரி வசனத்தில் முடித்துவிட்டுப் பழி தீர்க்கும் பகுதியை மட்டும் பாடினால் கேட்பவர் காண்பது யாரை? வழிப்போக்கனை ஏமாற்றிக் கொல்லும் ஒரு பேயை. கள்ளிக்கொம்பு வெறும் மாயவித்தையாகிவிடுகிறது. முழுதாகக் கேட்டவருக்கோ அந்தக் கொம்பு கொலையைக் கண்ட ஒரே சாட்சி. அது குழந்தையாகி அவனை ‘அப்பா’ என்று கூப்பிடும்போது மயிர்க்கூச்செறிவது அதனால்தான். நேரத்தை வெட்டுவது இங்கே அழகுக் குறைவு மட்டுமல்ல, அம்மனுக்குச் செய்யும் அநீதியும்கூட. கொலையுண்டவளைக் கொலைகாரியாக்கி அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, நம் கதைகளில் பல நம் மண்ணில் நடந்தவை. கணியாகுளத்தில் 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டுப் படைக்கும் திருமலை நாயக்கரின் படைக்கும் நடந்த போரில் இறந்தவன் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை. அவன் போருக்குப் புறப்படும் முன் தாயும் மனைவியும் தாங்கள் கண்ட கெட்ட கனவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுக்கும் பகுதி அந்தக் கதையின் உயிர்நிலை. அந்தப் பேச்சு நீளமாகப் பாடப்படுவதற்குக் காரணம் இருக்கிறது: அவன் எத்தனை முறை திரும்பியிருக்கலாம் என்பதைக் கேட்பவர் எண்ணிக்கொண்டே வர வேண்டும். மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த தம்பிமாரின் கதையும் நம் மண்ணில் நடந்ததுதான். அதைப் பாடுகிற இடத்துக்கும் தம்பிமார் வெட்டுண்ட நாகர்கோவிலுக்கும் நடை தூரம்தான். பாடத்திட்ட வரலாறு பெரும்பாலும் கண்டுகொள்ளாத இந்த மனிதர்களை ஊர் நினைவில் வைத்திருப்பது கொடைதான். பறக்கையில் பிறந்து வாழ்நாளெல்லாம் இந்தக் கதைகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த அ.கா. பெருமாள் போன்றவர்களின் உழைப்பால் பல கதைகள் அச்சில் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அச்சிலுள்ள கதையை ஊரில் எத்தனை பேர் எடுத்துப் படிக்கிறோம்? இரவிக்குட்டிப் பிள்ளையின் தாய் கண்ட கனவு கணியாகுளத்துப் பையனின் காதில் விழ வேண்டுமென்றால் அதை ஒருவர் அவன் முன்னால் உட்கார்ந்து பாடியாக வேண்டும்.

நேரம் கொடுத்தால் கலை வளரும், குறைத்தால் சுருங்கும் என்பதற்கு வெளியுலகத்திலும் சான்று உண்டு. 1930களில் மில்மன் பாரி என்ற அறிஞரும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவின் காப்பிக்கடைகளில் பாடும் கதைப்பாடகர்களைப் பதிவு செய்தார்கள். கடைக்கு வருகிறவர் எழுந்து போய்க்கொண்டே இருப்பதால் பாடகர்கள் கதையை அவ்வப்போது சுருக்கியும் நீட்டியும் பாடிப் பழகியிருந்தார்கள். ஆனால் அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுத்தறியாத பாடகரிடம், 1935இல், அவசரமில்லை, உனக்குத் தோன்றிய அளவுக்குப் பாடு என்று சொன்னபோது அவர் பல நாட்களில் 12,000 வரிகளுக்கும் மேற்பட்ட கதையைத் தந்தார். ஹோமரின் ஒடிஸி அளவுக்கு வருகிறது அது. அந்த ஆற்றல் அதற்கு முன்பும் அவருக்குள்தான் இருந்தது. கேட்பவர்களின் பொறுமை அதை வெளியே கொண்டுவந்தது. நம் அண்ணாவிகள் ஏட்டை ஒட்டிப் பாடுகிறவர்கள், அந்தப் பாடகர்களோ பாடும்போதே வரிகளைக் கட்டுகிறவர்கள், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கதையின் அளவைத் தீர்மானிப்பது பாடகரின் ஆற்றல் மட்டுமல்ல, அவரை அழைத்தவர்கள் தரும் நேரமும்தான் என்பது இரண்டு இடத்துக்கும் பொது. நம் அண்டை வீட்டிலேயே கேரளத்துக் கூடியாட்டம் இருக்கிறது. நாடகத்தின் ஒரே அங்கத்தைப் பல இரவுகள் நடிக்கும் அந்தக் கலையை 2001இல் யுனெஸ்கோ மானுடத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. மறுபக்கம் நம் மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்தைப் பாருங்கள். பல இரவுகள் தொடர்ந்து இராமாயணம் நடத்திய குடும்பங்கள், பிறகு ஓர் இரவு, பிறகு பள்ளிக்கூடத்தில் அரை மணி நேரம் என்று இறங்கின. அரை மணி நேரமாகச் சுருங்கிய பிறகு அது எத்தனை ஊர்களில் பிழைத்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சுருக்கினால் பிழைக்கும் என்ற நம்பிக்கை அங்கே பலிக்கவில்லை.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் சில நியாயமானவை; அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது உங்களை மதிப்பதாகாது.

முதல் மறுப்பு சட்டம். ஒலிமாசு விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல். பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், விதி சரியானதே. விதியை மீறச் சொல்லி நான் கேட்கவில்லை. விடிய விடியப் பாடினால்தான் வில்லுப்பாட்டு என்பதும் என் வாதம் அல்ல. கதை முழுதாக இருக்க வேண்டும் என்பதே வாதம். நம் கொடைகளில் மதியக் கொடைக்கும் வில்லு உண்டு, இரவுக்கும் உண்டு. மதியத்தில் காப்பும் பிறப்புக் கதையும், சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கி வாழ்வும் வஞ்சனையும், இரவு பூஜையை ஒட்டிக் கொலையும் தெய்வம் இறங்கும் வரத்தும் என்று பிரித்தால் விதிக்குள்ளேயே ஏழெட்டு மணி நேரம் கிடைக்கிறது. இப்போது அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது சட்டம் அல்ல, நம் நிகழ்ச்சி நிரல். அதோடு ஒரு வார்த்தை: வில்லுப்பாட்டு ஒலிபெருக்கிக்கு முன்பே பிறந்த கலை. ஊரின் நான்கு மூலைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி அலறவிடும்போது முற்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே வார்த்தை புரிவதில்லை. முற்றத்துக்குப் போதுமான இரண்டு பெட்டிகளோடு நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி, கதைக்கும் நன்மை.

இரண்டாவது மறுப்பு: ஆள் உட்காருவதில்லை, பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை, தெரிந்த கதையையே எத்தனை வருஷம் கேட்பது. தெரிந்த கதை என்பது குறையே அல்ல. நம் மாவட்டத்துத் தேவாலயங்களில் ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளியன்று கிறிஸ்துவின் பாடுகள் முழுதாக வாசிக்கப்படுகின்றன. முடிவு தெரியும் என்பதற்காக அதை யாரும் பாதியில் நிறுத்தச் சொல்வதில்லை. முடிவு தெரிந்தவருக்குத்தான் தொடக்கத்திலேயே துக்கம் தொடங்குகிறது. ஆள் உட்காருவது பற்றி வட தமிழ்நாட்டைப் பாருங்கள். திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதியம்மன் கோவில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் நடக்கின்றன. கடைசி நாளில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்கும் படுகளத்துக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வருகிறது. அந்தக் கூட்டம் சுருக்கத்தால் வந்தது அல்ல. பல நாட்களாக ஏறிவந்த கதையால் வந்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டும் அளவுக்கு நாம் அவர்களுக்குக் கேட்கவே கொடுக்கவில்லை. ஒரு வெப் தொடரின் எட்டுப் பகுதிகளையும் ஒரே இரவில் பார்த்து முடிக்கிற தலைமுறைக்கு நீளம் பகையல்ல. புரியாமல் போவதுதான் பகை. கதை தொடங்குமுன் ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் பிள்ளைகளிடம் யார் இந்த அம்மன், எங்கே நடந்தது, எந்த இடத்தில் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது மறுப்பைச் சிலர் வெளிப்படையாகவும் சிலர் தயக்கத்தோடும் சொல்கிறார்கள்: இந்தக் கதைகளில் சாதி இருக்கிறது, கொலை இருக்கிறது, சாமியாட்டம் இருக்கிறது, இதெல்லாம் இந்தக் காலத்துக்கு வேண்டுமா? இதை நான் மிகவும் மதிக்கிறேன். சில கதைகள் ஒரு சாதியின் பெருமையை ஏற்றிச் சொல்வதும், அதனால் பக்கத்துத் தெரு புண்படுவதும் உண்டு. அப்படிப்பட்ட வரிகளை ஊர் கூடிப் பேசித் தவிர்ப்பதில் தவறில்லை. ஆனால் நம் கதைகளின் பெரும்பகுதி எதிர்த்திசையில் நிற்கிறது. முத்துப்பட்டனை நினைத்துப் பாருங்கள். பிராமணன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காமேல் காதல் கொள்கிறான். அவர்களின் தந்தை வாலப்பகடை கேட்டபடி பூணூலை அறுக்கிறான், குடுமியை எடுக்கிறான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். அதன் பிறகுதான் கல்யாணம். மாடுகளை மீட்கப் போன இடத்தில் வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோவிலில் இன்றும் அவனுக்கு நேர்ச்சையாகச் செருப்பு கட்டுகிறார்கள். இந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட பகுதியைச் சுட்டிக்காட்டினார். அந்த ஒட்டு எதற்காக வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இப்போது கேளுங்கள்: நேரமில்லை என்று கதையைக் குறைக்கும்போது எது போகும்? செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட நாட்கள்தான் போகும். ஏனென்றால் அங்கே சண்டை இல்லை, அருள் இல்லை, வெறும் வேலை. ஆனால் கதையின் நியாயம் முழுவதும் அந்த நாட்களில்தான் இருக்கிறது. சாதிக்கு அஞ்சிக் கதையைச் சுருக்குகிறவர்கள், சாதிக்கு எதிரான பகுதியைத்தான் முதலில் இழக்கிறார்கள். சாமியாட்டத்தில் நம்பிக்கை இல்லாதவரும் இந்தக் கதை முன்னால் கண்கலங்கலாம். கொலையுண்டவருக்காக அழுவதற்குப் பக்தி தேவையில்லை.

நான்காவதாக ஒன்று. இரண்டு மணி நேர வில்லிசையிலும் பெரிய கலைஞர்கள் இருந்திருக்கிறார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கலையை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். அவரோடு பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் காந்தி கதையிலிருந்து குடும்பக் கட்டுப்பாடு வரை வில்லிலே சொன்னார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். சாத்தூர் பிச்சைக்குட்டியின் பெயரைக் கேட்டால் இன்றும் தென்மாவட்டங்களில் பெரியவர்களின் முகம் மலர்கிறது. மேடை வில்லிசை அவர்களால் ஒரு தனிக்கலையானது. அதன் நீளம் இரண்டு மணி நேரம்தான், அது அதற்குப் பொருந்துகிறது. அங்கே கதையைத் தேர்ந்தெடுப்பவர் கலைஞர். கேட்பவர் டிக்கெட் வாங்கியோ வானொலியைத் திருப்பியோ வருகிறவர். கொடையில் கதையைத் தேர்ந்தெடுப்பது கோவில். சுடலை முன்னால் சுடலை கதை, இசக்கி முன்னால் இசக்கி கதை. கேட்பவர்களில் முதல் ஆள் பீடத்தில் இருக்கும் தெய்வம். மேடைக்கு உரிய அளவைக் கோவிலுக்குக் கொண்டுவந்ததுதான் கோளாறு; மேடையில் பிழை எதுவும் இல்லை.

பணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். மேளம், பந்தல், விளக்கு, வாணவேடிக்கை, சாப்பாடு என்று கொடைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் வில்லுக்குப் போகும் தொகை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழு பகலும் இரவும் குரல் கொடுத்துப் பாடுவதற்குத் தருவது, ஒரு மணி நேர வாணவேடிக்கைக்குத் தருவதைவிடக் குறைவாக இருந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அகத்தீஸ்வரம் வட்டாரத்துப் பூங்கனியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிறுமியாக வில்லுக்கு முன் உட்கார்ந்து, பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் தென்மாவட்டக் கொடைகளை எல்லாம் தன் குரலால் நிறைத்தவர் அவர். முதுமையில் வறுமையோடு தனியாக வாழ்ந்து 2018இல் மறைந்தார். அவர் பாட்டைக் கேட்டு அழுத ஊர்கள் எத்தனை இருக்கும்! அவற்றில் ஒன்றுகூட அவர் பாடிய ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்து வைத்திருந்தால் அது அந்த ஊருக்கு ஒரு சொத்தாக இருந்திருக்கும். இன்று ஒவ்வொரு கையிலும் கேமரா இருக்கிறது. ஆனால் பதிவாகிறது எல்லாம் அருள் வந்து ஆடும் சில நிமிடங்கள். அண்ணாவியின் முகம்கூட அதில் விழுவதில்லை. சினிமா மெட்டில் பாடுகிறார்கள், தரம் குறைந்துவிட்டது என்று கலைஞர்களைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. கதைக்கு நேரம் கொடுக்காமல் கைதட்டலை மட்டும் எதிர்பார்த்தால், கைதட்டல் எதில் கிடைக்குமோ அதைத்தான் அவர்களும் பாடுவார்கள். வயிற்றுப்பாடு இருக்கிறது. முழுக் கதை கேட்கத் தயாராக ஓர் ஊர் இருக்கிறது என்று தெரிந்தால், பழைய ஏட்டைத் தூசி தட்டி எடுக்கும் அண்ணாவிகள் இன்னும் இருக்கிறார்கள். தங்கள் குருவிடம் கேட்ட கதைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் இளம்பெண்கள் இருக்கிறார்கள்.

ஆகவே வரும் கொடைக்குக் கூட்டம் போடும்போது, நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும் முன்பே, இதைப் பேசுங்கள். அண்ணாவியைக் கூப்பிட்டு, எங்களுக்கு எத்தனை மணி நேரம் தருகிறீர்கள் என்று அவர் கேட்கும் நிலையை மாற்றி, எங்கள் அம்மன் கதை முழுதாக வர உங்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தை மதியத்துக்கும் மாலைக்கும் பிரித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வேறு மேடையில் வேறு பாட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னிசைக் கச்சேரியை மறுநாள் மஞ்சள் நீராட்டன்று வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் நட்டமில்லை. முழுக் கதையையும் நல்ல ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து, ஒரு படியை ஊரிலும் ஒரு படியைப் பாடிய குழுவிடமும் வையுங்கள். கோவிலிலோ யார் வீட்டுப் பரணிலோ பழைய ஏடோ நோட்டோ கிடந்தால், அது செல்லரிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கொடை நடக்கிறது. எல்லா ஊரும் ஒரே ஆண்டில் மாற வேண்டியதில்லை. பத்து ஊர்கள் தொடங்கினால் மற்ற ஊர்கள் கேட்டுவிட்டுத் தாமே செய்யும். உங்கள் ஊர் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
வில்லுப்பாட்டு ரசிகன் ஒருவன்